பஞ்சாப் தீ எண்ணிக்கை: செயற்கைக்கோள் எந்த நேரத்தில் பார்த்தது?

இழையைத் தொடங்கிய வாசகர் கேள்வி, 1 டிசம்பர் 2024

பஞ்சாபில் கடந்த ஆண்டு 36,663 இடங்களில் பயிர்க்கழிவு எரிக்கப்பட்டதாகவும், இந்த ஆண்டு அது 10,909 ஆகக் குறைந்துவிட்டதாகவும் செய்தி படித்தேன். எழுபது விழுக்காடு குறைவு. எண்ணியது செயற்கைக்கோள், அதற்கு அரசியலும் கிடையாது, ஆள் பார்த்துப் பேசும் வழக்கமும் கிடையாது. அப்படியானால் தில்லியின் புகைக்கு விவசாயியைக் குற்றம் சொல்வதை இனியாவது நிறுத்தலாம் அல்லவா? தொலையுணர்வுத் துறையில் இருப்பவர்கள் விளக்குங்கள்.

பதில், 1 டிசம்பர் 2024, இரவு

இந்தக் கேள்விக்குள் மூன்று கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன; முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம். செயற்கைக்கோள் கண்ட தீப்புள்ளிகள் குறைந்தன என்பது ஒன்று. எரிக்கப்பட்ட வயல்களின் பரப்பு குறைந்தது என்பது இன்னொன்று. தில்லிக் காற்றில் வயல் புகையின் பங்கு குறைந்தது என்பது மூன்றாவது. முதல் கூற்றில் எனக்கு ஐயம் இல்லை. பஞ்சாபில் 2020இல் சுமார் 83,000, 2021இல் சுமார் 71,000, 2022இல் ஏறத்தாழ 50,000, அதன்பின் நீங்கள் குறிப்பிட்ட இரு எண்கள் என்று அந்த வரிசை இறங்கிக்கொண்டேதான் வருகிறது. ஆனால் முதலாவது மெய் என்பதாலேயே மற்ற இரண்டும் மெய்யாகிவிடாது.

செயற்கைக்கோளுக்கு அரசியல் கிடையாது என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதற்குக் கால அட்டவணை உண்டு. தீப்புள்ளிகளை எண்ணுவதற்கு நாம் பெரிதும் நம்பியிருப்பவை துருவங்களுக்கு மேலாகச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள். நாசாவின் டெர்ரா, அக்வா கோள்களில் மோடிஸ் என்ற கருவி இருக்கிறது. சுவோமி என்பிபியிலும் நோவா (அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு) வரிசையின் புதிய கோள்களிலும் விர்ஸ் என்ற கருவி இருக்கிறது. இவை ஓர் ஊரைக் கடப்பது நாளுக்கு நாள் ஏறத்தாழ ஒரே உள்ளூர் நேரத்தில்தான். விர்ஸ் கருவிகளுக்கு அது பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டியும், மறுபடி பின்னிரவு ஒன்றரை மணியை ஒட்டியும் அமைகிறது. காலை மணி அடித்தவுடன் மட்டும் வருகைப் பதிவு எடுத்துவிட்டு, பிள்ளைகள் நாள் முழுவதும் வகுப்பில் இருந்தார்கள் என்று எழுதும் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்குப் பற்றவைத்து இருட்டுவதற்குள் அடங்கிவிடும் ஒரு வைக்கோல் தீ இந்தப் பதிவேட்டில் ஏறவே ஏறாது.

2 டிசம்பர் 2024

தீயை விண்ணிலிருந்து எப்படிக் காண்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சாதாரண நிலப்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 300 கெல்வின். அது வெளியிடும் கதிர்வீச்சு 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சம் அடைகிறது. 800 கெல்வினில் எரியும் பொருளுக்கு அந்த உச்சம் 4 மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் கீழே வந்துவிடுகிறது. எனவே, 4 மைக்ரோமீட்டர் பட்டையில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய ஒரு கட்டம், தன் அண்டைப் பிக்சல்களைவிடத் திடீரென ஒளிர்ந்து, 11 மைக்ரோமீட்டர் பட்டையில் அந்த அளவுக்கு ஒளிராமல் இருந்தால், அந்தப் பிக்சலுக்குள் எங்கோ சிறிய, மிகச் சூடான ஒன்று இருக்கிறது என்று மென்பொருள் முடிவுசெய்கிறது. மோடிஸின் பிக்சல், கோளுக்கு நேர்கீழே, 1 கிலோமீட்டர் அகலம் உடையது. அதற்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பில் எரியும் தீயை அது வழக்கமாகவே பிடித்துவிடும். அதாவது பிக்சலின் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு எரிந்தாலே போதும். இது வியக்கத்தக்க திறன். ஆனால் சிக்கலும் இதே திறனிலிருந்துதான் பிறக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு எரிந்தாலும் ஒரு புள்ளி, பாதி எரிந்தாலும் ஒரு புள்ளி.

விர்ஸின் பிக்சல் 375 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் 14 ஹெக்டேர், ஏறத்தாழ 35 ஏக்கர். பஞ்சாபில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் மூன்றரை ஹெக்டேரை ஒட்டியது. எனவே பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் நான்கு பேர் ஒரே நேரத்தில் எரித்தால் ஒரு புள்ளியாகவே பதிவாகலாம். இரு பிக்சல்களின் எல்லையில் ஒருவர் மட்டும் எரித்தால் இரண்டாகவும் பதிவாகலாம். போதாக்குறைக்கு, கோள் நேராகக் கீழே பார்க்காமல் சாய்வாகப் பார்க்கும் ஓரப்பகுதியில் மோடிஸ் பிக்சல் ஏறத்தாழ 4.8 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் என்ற அளவுக்கு விரிந்துவிடும். செய்தித்தாள்கள் ‘இத்தனை இடங்களில் எரிக்கப்பட்டது’ என்று எழுதும்போது, வாசகர் மனத்தில் அத்தனை வயல்கள் தோன்றுகின்றன. அந்த எண், வெப்பம் மிகுந்த பிக்சல்களின் எண்ணிக்கை மட்டுமே.

2 டிசம்பர் 2024, சற்று நேரம் கழித்து

‘அப்படியென்றால் இந்தக் கணக்கே குப்பையா?’ என்று கேட்கிறீர்கள். இல்லை. எரிக்கும் பழக்கமும் நேரமும் மாறாமல் இருக்கும் வரை, எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் எரிப்பின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். இந்த நிபந்தனையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; நம் விவாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

4 டிசம்பர் 2024

அந்த நிபந்தனை குலைந்துபோக என்ன காரணம் இருக்க முடியும் என்பதற்கு வருகிறேன். எரிமலைக்கும் காட்டுத்தீக்கும் செயற்கைக்கோள் எப்போது வரும் என்று தெரியாது. விவசாயிக்குத் தெரியும். தெரிந்துகொள்ள அவருக்குக் காரணமும் இருக்கிறது: வயலில் ஒரு புள்ளி விழுந்தால் தண்டம் உண்டு, வழக்கு உண்டு, நில ஆவணத்தில் சிவப்புக் குறிப்பும் உண்டு. கடந்த நவம்பரில் தண்டத்தொகையை இரட்டிப்பாக்கி, 2 ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் 5,000 ரூபாய், 2 முதல் 5 ஏக்கர் வரை 10,000 ரூபாய், அதற்கு மேல் 30,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். எதை அளக்கிறோமோ அதுவே தண்டனைக்கும் அடிப்படை ஆகும்போது, அளக்கப்படுபவர் தம் நடத்தையை மாற்றிக்கொள்வார். வரி கட்டும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

சங்ரூர் மாவட்டத்தில் களச் சரிபார்ப்புக்குச் சென்றிருந்தபோது, வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்கள் கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியையும் அச்சிட்ட படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘உங்கள் செயற்கைக்கோள் இன்று வந்துபோய்விட்டதா?’ என்று கேட்டார். அவர் கேலிக்குக் கேட்டாரா, தகவலுக்குக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாலையில் சாலையின் இருபுறமும் புகை எழுந்தபோது, தகவலுக்குத்தான் கேட்டிருப்பார் என்று எங்கள் ஓட்டுநர் தீர்ப்புச் சொன்னார்.

ஒரு பெரியவரின் கேள்வியைச் சான்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கருதுகோளைத் தேடிப் பார்க்க அது தூண்டுகோல், அவ்வளவே. சான்று வேறு பக்கத்திலிருந்து வந்தது. கடந்த அக்டோபரில் நாசாவின் கோடார்டு மையத்தைச் சேர்ந்த ஹிரேன் ஜேத்வா, தென்கொரியாவின் ஜியோ-காம்ப்சாட் 2ஏ என்ற புவிநிலைச் செயற்கைக்கோளின் (பூமியோடு சேர்ந்தே சுற்றி, ஒரே இடத்துக்கு மேல் நிற்பது) படங்களை வெளியிட்டார். பிற்பகல் கோள்கள் கடந்து சென்ற பிறகு வடமேற்கு இந்தியாவின் மேல் அடர்ந்த புகைத்திரள்கள் உருவாவது அவற்றில் தெரிந்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலும் இந்தப் பேச்சு எழுந்து, நாள் முழுவதும் பார்க்கும் புவிநிலைக் கோள்களின் தரவையும் பெறச் சொல்லும் அளவுக்குச் சென்றது.

5 டிசம்பர் 2024

மேலே ஒருவர் ‘தீபாவளி இரவில் நாசா எடுத்த இந்தியப் படம்’ என்று வண்ணமயமான ஒன்றை ஒட்டியிருக்கிறார். ஐயா, அது தீபாவளியும் அல்ல, ஓர் இரவும் அல்ல. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வானிலைக் கோள்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த இரவொளித் தரவைக் கொண்டு, நகரங்கள் வளர்ந்த விதத்தைக் காட்டுவதற்காக நோவா அறிவியலாளர் கிறிஸ் எல்விட்ஜ் 2003இல் உருவாக்கிய கூட்டுப்படம் அது. நீலம், பச்சை, சிவப்பு ஆகியவை வெவ்வேறு ஆண்டுகளில் புதிதாகத் தோன்றிய விளக்குகளைக் குறிக்கின்றன. உண்மையான தீபாவளி இரவை விர்ஸ் 2012 நவம்பரில் படம் பிடித்தது. மற்ற இரவுகளிலிருந்து அதில் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். நம் மத்தாப்பு விண்வெளிவரை எட்டவில்லை என்பதற்காக மனம் தளர வேண்டாம். நுரையீரல்வரை நன்றாகவே எட்டுகிறது.

7 டிசம்பர் 2024

4ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு, ‘ஆக, எரிப்பு சற்றும் குறையவில்லை, அரசு ஏமாற்றுகிறது’ என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. எதிர்த்தரப்புக்கு வைத்த அதே உரைகல்லை நமக்குப் பிடித்த முடிவுக்கும் வைக்க வேண்டும்.

தீப்புள்ளிகள் குறைந்தும் காற்றில் துகள்கள் குறையவில்லை என்பது அந்த வாதத்தின் முக்கியத் தூண். செயற்கைக்கோள் அளப்பது, தரையிலிருந்து வளிமண்டல உச்சிவரை உள்ள துகள்கள் எல்லாம் சேர்ந்து சூரிய ஒளியை எந்த அளவு மங்கச்செய்கின்றன என்பதை. அந்தக் காற்றுத்தூணில் எந்தத் துகள் யாருடையது என்ற முகவரி இருக்காது. ஈரப்பதம் கூடினால் அதே துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, ஒளியை இன்னும் மறைக்கும். எண்ணிக்கை கூடாமலேயே ஒளிமறைப்பு அளவு கூடும். காற்று அசையாமல் நின்றுவிட்டால், குறைந்த புகையும் நாள்கணக்கில் தேங்கும். மேலும், எல்லைக்கு அப்பாலும் ஒரு பஞ்சாப் இருக்கிறது, அங்கும் நெல்லும் கோதுமையும் விளைகின்றன, அங்கும் எரிக்கிறார்கள் என்பதை நம் ஊர் விவாதங்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. 2024 நவம்பரில் லாகூரைப் புகை மூடியதை உலகமே பார்த்தது. அமிர்தசரஸின் மேல் நிற்கும் புகைக்கு எந்த நாட்டுக் குடியுரிமை என்று ஒளிமறைப்பு அளவு சொல்லாது. காற்றோட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் ஓரளவு சொல்ல முடியும்.

இன்னொரு வாதமும் இங்கே வந்திருக்கிறது: தில்லிக் காற்றில் வயல் புகையின் பங்கு குறைவு என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றனவே என்று. மாதிரியின் உள்ளீட்டைப் பாருங்கள். வயல்களிலிருந்து எவ்வளவு புகை கிளம்புகிறது என்பதை அது செயற்கைக்கோள் தீப்புள்ளிகளிலிருந்தே கணிக்கிறது என்றால், புள்ளி விடுபட்டால் புகையும் விடுபடும்; பிறகு அந்தக் குறைந்த புகையை எடுத்துக்காட்டி, ‘பார்த்தீர்களா, தீ குறைந்தது உறுதியாகிவிட்டது’ என்று சொல்வது, ஒரே சாட்சியை இரண்டு பெயரில் கூண்டில் ஏற்றுவது. முடிவுகளின் எண்ணிக்கையைவிட, அவை ஒன்றையொன்று சாராமல் வந்தவையா என்பதே எனக்கு முக்கியம்.

8 டிசம்பர் 2024

புவிநிலைக் கோளே விடை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சிறு வடிவியல். ஜியோ-காம்ப்சாட் 2ஏ நிற்பது நிலநடுக்கோட்டுக்கு மேல், கிழக்குத் தீர்க்கரேகை 128 பாகையை ஒட்டி. பஞ்சாப் இருப்பது 75 பாகையை ஒட்டி, வட அட்சரேகை 31இல். நேர்கீழே 2 கிலோமீட்டராக இருக்கும் அதன் அகச்சிவப்புப் பிக்சல், இவ்வளவு சாய்வான பார்வையில் கணிசமாக நீண்டுவிடும். நம் இன்சாட்-3டிஆர் கிட்டத்தட்ட நேர்த்தெற்கே நிற்கிறது, அரைமணிக்கொரு முறை பார்க்கிறது. ஆனால் தீயைக் காண உதவும் பட்டையில் அதன் பிக்சல் 4 கிலோமீட்டர். விர்ஸின் பிக்சல்களை அதற்குள் அடுக்கினால் நூற்றுக்கும் மேல் கொள்ளும். ஓர் ஏக்கர் தீ அதில் கரைந்துபோய்விடும். பல வயல்கள் ஒன்றாகப் பற்றியெரிந்தால்தான் அது விழித்துக்கொள்ளும்.

ஆகையால் புவிநிலைக் கோளிடம் ‘எத்தனை தீ?’ என்று கேட்பதைவிட, ‘பெரிய தீக்கள் எந்த மணியில்?’ என்று கேட்பதே பொருத்தம். பிற்பகல் ஒன்றரைக்கும் மாலை ஐந்துக்கும் இடையே தீக்களின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்திருந்தால், அந்த நகர்வு பிக்சல் பருமனால் வந்தது என்று ஒதுக்க முடியாது. பருமன் எல்லா ஆண்டுகளிலும் ஒன்றுதானே.

8 டிசம்பர் 2024, பின்னிணைப்பு

மேகமும் புகையும் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. மிக அடர்ந்த புகையை மென்பொருள் மேகம் என்று எடுத்துக்கொண்டு, அதன் கீழ் இருப்பதை ஆராயாமலேயே விட்டுவிடுவது உண்டு. மிக மோசமாக எரிந்த நாளில் புள்ளிகள் குறைவாகத் தெரியும் விந்தை இதனால் நேரும்.

11 டிசம்பர் 2024

‘நாசாவை நம்பாதீர்கள், ஓசோன் ஓட்டையைக் காட்டிய தரவையே அவர்களுடைய கணினி குப்பைத்தொட்டியில் போட்டது’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இந்தக் கதை விமரிசனச் சிந்தனை பற்றிய வகுப்புகளில்கூடச் சொல்லப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், சொல்பவர்கள் அந்தக் கதையை மட்டும் விமரிசனத்துக்கு உட்படுத்துவதில்லை.

நடந்தது இது. பிரிட்டனின் அண்டார்டிக் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும், அண்டார்டிக்காவின் ஹேலி நிலையத்துத் தரைக்கருவி அளவுகளைக் கொண்டு, வசந்தகால ஓசோன் வீழ்ச்சியை 1985 மே மாதம் நேச்சர் இதழில் அறிவித்தார்கள். 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 கோளில் இருந்த, ஓசோனை அளக்கும் டாம்ஸ் கருவியும் அந்த வீழ்ச்சியைப் பதிவுசெய்திருந்தது. 180 டாப்சன் அலகுக்குக் (ஓசோனை அளக்கும் அலகு) கீழான அளவுகளுக்கு அதன் மென்பொருள் ஐயக்குறி இட்டதே தவிர, அவற்றை அழிக்கவில்லை. 1983 அக்டோபரில் அத்தகைய குறிகள் குவிந்திருப்பதை நாசா குழு 1984இல் கவனித்தது. உடனே அவர்கள் செய்தது, செய்ய வேண்டிய செயலைத்தான்: தரையில் என்ன அளந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். தென் துருவத்து அமுண்ட்சென்-ஸ்காட் நிலையம் 300 அலகை ஒட்டிய அளவைக் காட்டியது. செயற்கைக்கோள் ஒன்று சொல்கிறது, தரைக்கருவி வேறொன்று சொல்கிறது. குழு தன் கருவியையே ஐயுற்றது. பின்னர்தான் தென் துருவத்து அளவு பிழையானது என்று தெரியவந்தது. பவன் பார்தியா உள்ளிட்ட குழுவினர் தங்கள் முடிவை 1985 ஆகஸ்டில் பிராகில் நடந்த கூட்டத்தில் வைத்தபோது, ஃபார்மன் குழு முந்திக்கொண்டிருந்தது.

இதை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. களத்தில் போய்ப் பார்த்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம், நானும் களப்பணிக்காரன்தான். ஆனால் தரை அளவும் ஓர் அளவுதான். வட்டார அலுவலர் வயலில் நின்று ‘இங்கே எரிக்கவில்லை’ என்று எழுதிய படிவத்தையும், யார், எப்போது, எந்த நெருக்கடியில் எழுதினார் என்று கேட்டுத்தான் ஏற்க வேண்டும். தீ எண்ணிக்கை குறைய வேண்டும் என்று மேலிடம் எதிர்பார்க்கும் மாவட்டத்தில், அந்தப் படிவத்தின் சாய்வு எந்தப் பக்கம் இருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

12 டிசம்பர் 2024

இன்னொன்று: அட்டவணையே நகர்கிறது. டெர்ராவும் அக்வாவும் மூப்படைந்துவிட்டன; சுற்றுப்பாதையைச் சரிசெய்யும் எரிபொருளைச் செலவிடுவதை நிறுத்திய பிறகு, டெர்ரா முன்னதாகவும் அக்வா பின்னதாகவும் கடக்கத் தொடங்கியிருக்கின்றன. 2010இன் அக்வாவையும் 2024இன் அக்வாவையும் ஒரே கருவி என்று கருதி ஒப்பிடுபவர், நாளின் வெவ்வேறு வேளைகளை ஒப்பிடுகிறார்.

கடக்கும் நேரம் நகர்வது எவ்வளவு பெரிய தலைவலி என்பதை வளிமண்டல வெப்பநிலை ஆய்வாளர்கள் முன்பே அனுபவித்திருக்கிறார்கள். அலபாமாவின் ஜான் கிறிஸ்டியும் ராய் ஸ்பென்சரும் நுண்ணலைக் கோள்களின் தரவிலிருந்து, கீழ் வளிமண்டலம் அவ்வளவாக வெப்பமடையவில்லை என்று ஆண்டுக்கணக்கில் காட்டிவந்தார்கள். கடக்கும் நேர நகர்வுக்காக அவர்கள் செய்த திருத்தம் தவறான திசையில் இருந்தது என்பதை கார்ல் மியர்ஸும் ஃபிராங்க் வென்ட்ஸும் 2005இல் காட்டினார்கள். கூட்ட வேண்டியதைக் கிறிஸ்டியும் ஸ்பென்சரும் கழித்திருந்தார்கள். அவர்களும் அதை ஏற்றுத் திருத்திக்கொண்டார்கள்.

15 டிசம்பர் 2024

‘தீயை விடுங்கள், எரிந்த வயலை அளக்கலாமே, கருகிய நிலம் மாலையோடு மறைந்துவிடாதே’ என்று ஆய்வு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்தவற்றில் இதுவே சிறந்த கேள்வி. ஐரோப்பாவின் சென்டினல்-2 இணைக்கோள்கள் ஐந்து நாளுக்கொரு முறை, 10 முதல் 20 மீட்டர் பிக்சலில் பார்க்கின்றன. அண்மை அகச்சிவப்பு, குற்றலை அகச்சிவப்பு ஆகிய இரு பட்டைகளின் வேறுபாட்டைக் கொண்டு கருகிய நிலத்தை வரையலாம். எரித்த நேரம் எதுவானாலும் சரி. அதனால் இந்த வழி, தீப்புள்ளிக் கணக்கைச் சாராத சாட்சி ஆகிறது.

ஆனால் பஞ்சாபின் வேளாண் நாட்காட்டியைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அறுவடை இயந்திரம் போனபின் நிற்கும் அடித்தாளுக்குத் தீ வைத்தவர், கோதுமை விதைப்பின் அவசரத்தில் அடுத்த சில நாள்களிலேயே உழுது நீர் பாய்ச்சிவிடுவார். ஐந்து நாள் இடைவெளியில், அதுவும் ஒரு முறை புகைமூட்டத்தால் படம் கெட்டுவிட்டால் பத்து நாள் இடைவெளியில், கரி மண்ணுக்குள் போய்விடும். உழுத ஈரமண்ணும் கருகிய நிலமும் இரண்டுமே கறுப்பாகத் தெரிவதால், எரிக்காமல் உழுதவரும் எரித்தவர் பட்டியலில் விழலாம். வைக்கோலைக் கட்டுகளாகச் சுருட்டி விற்றுவிட்டு மிஞ்சிய தாளை மட்டும் எரித்தவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பது கணினிக்கு முன் நாம் தீர்க்க வேண்டிய கேள்வி.

‘எங்கள் வகைப்பாடு 90 விழுக்காடு துல்லியம்’ என்ற வரியைக் கண்டால் நான் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் அங்கேயே நிற்பேன். நூறு வயல்களில் பத்துதான் எரிந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தையே திறக்காமல் ‘எதுவும் எரியவில்லை’ என்று எழுதிவைத்தாலும் தொண்ணூறு சரியாகிவிடும். எரிந்த வயல்களில் எத்தனை விடுபட்டன, எரியாதவற்றில் எத்தனை எரிந்ததாகக் காட்டப்பட்டன என்ற இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். சங்ரூர்ப் பயணத்தில் எங்கள் குழுவின் மூத்தவர், புள்ளி விழுந்த இடங்களோடு, புள்ளியே இல்லாத இடங்களையும் குலுக்கல் முறையில் தேர்ந்து பார்க்க வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தார். வெயிலில் அலைய அலுத்துக்கொண்ட இளையவர்கள், ஒன்றுமில்லாத இடத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று முணுமுணுத்தார்கள். புள்ளியில்லாத வயல்களில் கரியைக் கண்டபின் முணுமுணுப்பு நின்றது. அந்த அலைச்சல் இல்லாவிட்டால் விடுபடும் பிழையை அளக்க வழியே இல்லை.

20 டிசம்பர் 2024

சற்று விலகுகிறேன், ஆனால் விலகல்போலத் தெரிவது விலகல் அன்று. ஏன் எல்லோரும் அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலுமே எரிக்கிறார்கள்? பஞ்சாபின் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம், 2009, ஜூன் 10க்கு முன் நெல் நடவு கூடாது என்றது. கோடையின் உச்சத்தில் நீர் இறைப்பதைத் தடுப்பது அதன் நோக்கம். அதே 2009இல், கிரேஸ் இணைக்கோள்களின் ஈர்ப்புவிசை அளவுகளைக் கொண்டு, 2002 ஆகஸ்டுக்கும் 2008 அக்டோபருக்கும் இடையில் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியாணா பகுதிகள் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்தன என்று மேத்யூ ரோடல் குழு நேச்சரில் எழுதியது. ஆகவே சட்டத்தின் கவலை மெய்யான கவலை. ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. விதைப்புக்கு முந்தைய இடைவெளி சுருங்கியது. எரிப்பு, காற்று அடங்கிக் குளிர் தொடங்கும் வாரங்களுக்கு நகர்ந்தது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, நீரைக் காக்கப்போய்க் காற்று கெடும் இந்தப் பரிமாற்றத்தை எடுத்துக்காட்டியது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பிஆர் 126 போன்ற குறுகிய கால நெல் ரகங்கள் பரவியிருக்கின்றன. தாளை நிற்கவிட்டே கோதுமை விதைக்கும் ஹேப்பி சீடர் போன்ற இயந்திரங்களும், வைக்கோலைக் கட்டும் இயந்திரங்களும் கூடியிருக்கின்றன. எரிப்பு உண்மையிலேயே ஓரளவு குறைந்திருக்கும் என்று நான் கருதுவதற்கு இவையே காரணம். எவ்வளவு என்பதில்தான் எழுபது விழுக்காட்டை ஏற்கத் தயங்குகிறேன்.

கிரேஸ் பற்றி ஒருவர் உடனே ‘எங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு?’ என்று கேட்பார் என்று தெரியும். அது சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்கான சராசரியைத் தரும் கருவி. மாவட்டத்துக்கு மாவட்டம் வண்ணம் தீட்டிய கிரேஸ் வரைபடத்தைக் கண்டால், இடைப்பட்ட விவரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

3 ஜனவரி 2025

தொடக்கக் கேள்வி கேட்டவர், ‘சுற்றி வளைக்காமல் ஆம், இல்லை என்று சொல்லுங்கள்’ என்கிறார். நியாயம்தான்.

தீப்புள்ளிகள் எழுபது விழுக்காடு குறைந்தனவா? ஆம். எரிந்த பரப்பும் அதே அளவு குறைந்ததா? அதை நான் ஏற்க மூன்று தரவுகள் வேண்டும்: புவிநிலைக் கோள்களிலிருந்து 2020 தொடங்கி ஆண்டுவாரியாகத் தீக்களின் மணிவாரிப் பரவல், விடுபட்ட பிழையையும் சேர்த்து அறிவிக்கும் சென்டினல்-2 கருகுபரப்புக் கணக்கு, எத்தனை டன் வைக்கோல் கட்டப்பட்டு எந்தக் கொதிகலனுக்கும் ஆலைக்கும் சென்றது என்ற எடைச்சீட்டு. பஞ்சாபில் ஆண்டுதோறும் சேரும் நெல் வைக்கோல் சுமார் 2 கோடி டன். எரிக்காதது எங்காவது போயிருக்க வேண்டும், அதற்குச் சீட்டும் இருக்க வேண்டும். மாலை நேரத்துக்கு நகர்ந்தார்கள் என்ற கருதுகோள் சரியென்றால், மணிவாரிப் பரவல் ஆண்டுக்கு ஆண்டு மாலையை நோக்கிச் சாய்ந்திருக்கும்; கருகுபரப்பின் வீழ்ச்சி புள்ளிகளின் வீழ்ச்சியைவிடச் சிறியதாக இருக்கும். இரண்டும் நிகழவில்லை என்றால் அந்தக் கருதுகோளை நான் கைவிடுவேன். மாலையில் சங்ரூர்ச் சாலையில் புகை பார்த்தேன் என்பது அதைக் காப்பாற்றாது.

விவசாயியைக் குற்றம் சொல்வதை நிறுத்தலாமா என்ற கேள்விக்குத் தீப்புள்ளிக் கணக்கே தேவையில்லை. எரிப்புப் பருவம் நவம்பரோடு முடிந்துவிடுகிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் பஞ்சாப் வயல்களில் பச்சைக் கோதுமைதான் நிற்கிறது, தில்லியின் காற்று அப்போதும் மோசமாகவே இருக்கிறது. அந்த இரு மாதங்களின் பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்திலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். மணிவாரித் தரவாக இறக்குங்கள். நாள் சராசரியில் பாதி விவரம் போய்விடும். நிலையம் எத்தனை மணிநேரம் இயங்காமல் இருந்தது என்ற நெடுவரிசையையும் சேர்த்தே இறக்குங்கள்.